எழுத்தைப் படித்துவிட்டுப் பையனை அனுப்புவோம்

கோடை விடுமுறையில் கோட்டையூரின் வறண்ட கண்மாயெல்லாம் ஆடுகளம்தான். எல்லைக்கோட்டுக்கு அப்பாலிருந்து ஒரு பையன் பந்தை நேராக ஸ்டம்புக்கு எறிந்தால், கரையில் நிற்கும் பெரியவர்களில் ஒருவராவது சொல்வார்: "இந்தக் கையை அமெரிக்காக்காரன் பார்த்தா அள்ளிக்கிட்டுப் போயிருவான்." ஏ.ஆர்.ரகுமான் இசையில் 2014இல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் விதைத்த பேச்சு இது. உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் இருவர் அமெரிக்க பேஸ்பால் அணியில் சேர்ந்த உண்மைக் கதை அது. படம் போய்விட்டது, நம்பிக்கை தங்கிவிட்டது.

போன மாதம் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அண்ணே, பத்தாவதோட படிப்பை நிப்பாட்டிட்டு இவனை அந்தப் பயிற்சிக்காரர்கிட்ட விட்ரலாமா? அமெரிக்காவுக்கு ஏத்திவிடுறேன்னு சொல்றாரு." அவரிடம் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டுப் பையன்களை அந்த அணிகள் எப்படித் தேடுகின்றன, எப்படி ஒப்பந்தம் போடுகின்றன என்று முழுதாகத் தெரிந்தால்தான் ஒரு தாயால் சரியான முடிவு எடுக்க முடியும். அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை 1: தெருவில் எறிந்துகொண்டிருந்த பையன்களைக் கண்டெடுத்தார்கள்.

உண்மை: ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிதல் வீரர்கள். லக்னோவிலுள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர்கள். ஜே.பி.பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் நடத்திய வேகப்பந்துப் போட்டிக்கு அவர்கள் 2008இல் வந்தபோது, தோளும் இடுப்பும் காலும் சேர்ந்து எறியும் பழக்கம் அவர்கள் உடம்பில் ஏற்கெனவே ஊறியிருந்தது. ரிங்குவின் பந்து மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் போனது. அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு கல்லூரி, ஒரு மைதானம், பெயர் வெளியே வராத பயிற்சியாளர்கள் இருந்தார்கள்.

அந்தப் பெயரில்லாத உழைப்பு நமக்குப் புதிதல்ல. கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் விதைத்த கல்வி, உடற்கல்வியியல் வரை கிளைத்திருக்கிறது. அங்கே படித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பி.இ.டி. ஆசிரியர்தான் ஒரு பையனின் கையை முதலில் பார்க்கிறவர். தேடி வருகிற ஸ்கவுட் அவருக்கு அடுத்துத்தான் வருகிறார்.

நம்பிக்கை 2: கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசுகிறவன் அங்கே பெரிய பிட்சர் (பந்து எறிபவர்) ஆகிவிடுவான்.

உண்மை: இரண்டும் வேறு வேறு வேலை. கிரிக்கெட்டில் ஓடிவந்து வீசுகிறோம். வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் விதிமீறல். பேஸ்பாலில் பிட்சர் ஓடுவதே இல்லை. மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி, சாட்டையைச் சொடுக்குவதுபோல் எறிகிறார். அவருக்கும் மட்டையாளருக்கும் இடையே ஏறத்தாழ 18.4 மீட்டர். பந்து நிலத்தில் படாமல், மட்டையாளரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு கட்டத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இந்த எறிதலுக்கு வேகப்பந்து வீச்சாளரைவிட ஈட்டிக்காரரின் உடம்பே நெருக்கமானது. அந்தப் போட்டியில் தேறி அமெரிக்கா போன இருவருமே ஈட்டிக்காரர்கள் என்பது தற்செயல் அல்ல.

நம்பிக்கை 3: ஒப்பந்தம் கையெழுத்தானால் கோடீஸ்வரன்தான்.

உண்மை: ரிங்குவுக்குக் கிடைத்த ஒரு லட்சம் டாலர், போட்டியில் வென்ற பரிசு. அணி தந்த ஒப்பந்தப் பணம் வேறு. அது மிகச் சிறியது. இருவரும் லாஸ் ஏஞ்சலிசில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் பயின்று, 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் சேர்ந்தார்கள். சேர்ந்த இடம் தொலைக்காட்சியில் வரும் மேஜர் லீக் அல்ல; அதற்குக் கீழே படிப்படியாக இருக்கும் மைனர் லீக்குகளில் அடிப்படி. 2009 ஜூலையில் ரிங்கு அங்கே ஓர் ஆட்டத்தை வென்றார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியர் பெற்ற முதல் வெற்றி அது. ஆடியே பழகாத ஆட்டத்தில், அணியில் சேர்ந்த ஓராண்டுக்குள் அந்த இடத்தை எட்டியது பெரிய சாதனை; அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் இருவருமே மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. தினேஷ் 2010 இறுதியில் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு காயங்களோடு பல ஆண்டுகள் போராடிவிட்டு 2018இல் மல்யுத்தக் காட்சி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் சேர்ந்தார். படம் ஒப்பந்தத்தோடு முடிகிறது. வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கை 4: அமெரிக்க அணி நினைத்தால் எந்த நாட்டுப் பையனையும், எந்த வயதிலும், என்ன விலை கொடுத்தும் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: கதவுகள் இரண்டு. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் வளர்ந்தவர்கள் 'டிராஃப்ட்' என்ற வரிசைத் தேர்வு வழியே வர வேண்டும். அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் இந்த ஏற்பாடு 1965இல் தொடங்கியது. தாய்வழியில் இந்திய வம்சாவளியான குமார் ராக்கர் அமெரிக்காவில் வளர்ந்தவர் என்பதால் அந்த வழியில் வந்தார். 2022இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது; 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் அறிமுகமானார்.

டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, இந்தியா போன்ற மற்ற நாட்டுப் பையன்களுக்கு இன்னொரு கதவு. ஒப்பந்தம் போட 16 வயது ஆகியிருக்க வேண்டும். கையெழுத்துக் காலம் இப்போது ஜனவரி 15இல் திறந்து டிசம்பர் 15இல் மூடுகிறது. ஓர் அணி ஓராண்டில் இந்த வகையில் மொத்தம் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 25 வயது நிரம்பி, வேறு நாட்டுத் தொழில்முறை லீகில் ஆறு ஆண்டு ஆடியவருக்கு மட்டும் இந்த வரம்பு கிடையாது.

ஜப்பானின் ஷோஹெய் ஒட்டானியைப் பாருங்கள். 2017 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தபோது அவருக்கு 23 வயது. உலகமே வியந்த ஆட்டக்காரருக்கு அந்த வரம்புக்குள் கிடைத்த ஒப்பந்தப் பணம் சுமார் 23 லட்சம் டாலர். அவர் நாட்டுக்காரரான யோஷினோபு யமமோட்டோ 25 வயது நிரம்பும்வரை பொறுத்திருந்தார். 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணியோடு அவர் போட்ட 12 ஆண்டு ஒப்பந்தம் 32.5 கோடி டாலர். இரண்டு தொகைக்கும் நடுவே உள்ள பள்ளத்தைத் தோண்டியது விதிப் புத்தகத்தின் ஒரு வரி. அந்த வரி தெரியாத பெற்றோர், பிள்ளையின் விலை என்னவென்று அறியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

நம்பிக்கை 5: தேர்ந்த ஸ்கவுட்டின் கண் தப்பாது. அவர் வேண்டாமென்றால் பையனிடம் ஒன்றுமில்லை.

உண்மை: ஸ்கவுட்டுகள் அளப்பது நிறைய. 60 கஜ ஓட்டத்தைக் கடிகாரத்தில் பார்க்கிறார்கள். பந்தின் வேகத்தை ரேடாரில் பார்க்கிறார்கள். அடித்தல், பலம், ஓட்டம், எறிதல், பிடித்தல் என ஐந்து திறமைகளுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். தோளின் அகலமும் பெற்றோரின் உயரமும்கூடக் கணக்கில் வரும். ஏனென்றால் அவர்கள் மதிப்பிடுவது இன்றைய பதினாறு வயதை அல்ல. அதற்குள் ஒளிந்திருக்கும் இருபத்தைந்து வயதை. நாற்றைப் பார்த்து மூட்டைக் கணக்குச் சொல்கிற வேலை அது. தவறுவது இயல்பு.

வெனிசுவேலாவின் மரகாய் நகரில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வுக்குப் போன ஹோசே அல்டூவேயை, குள்ளமாக இருக்கிறாய் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா தூண்டவே மறுநாளும் போய் நின்றார். 2007இல் 15,000 டாலருக்கு ஒப்பந்தம். ஐந்தடி ஆறங்குலமே உள்ள அவர்தான் 2017இல் அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். டொமினிக்கன் குடியரசின் ஃப்ராம்பர் வால்டெஸ், அந்த ஊர் வழக்கப்படி வயது கடந்துவிட்டதாகக் கருதப்படும் 21இல், 10,000 டாலருக்கு எடுக்கப்பட்டவர். அவரும் ஆஸ்ட்ரோசின் முன்னணிப் பிட்சர் ஆனார்.

மறுபக்கமும் உண்டு. டொமினிக்கன் குடியரசின் மைக்கேல் இனோவாவுக்கு 2008இல், 16 வயதில், ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் கொடுத்தது 42.5 லட்சம் டாலர். காயங்கள் துரத்தின. மேஜர் லீக்கில் அவர் ஆடியது 2016, 2017 ஆகிய இரண்டே பருவங்கள், அதுவும் வேறோர் அணிக்காக. விலை வேறு, விளைச்சல் வேறு.

நம்பிக்கை 6: வயதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டினால் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான்.

உண்மை: இளம் வயதுக்கே விலை என்றாகும்போது வயதில் கைவைக்கத் தோன்றுகிறது. 2006இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 14 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த 'பதினாறு வயது' எஸ்மெய்லின் கொன்சாலெஸ், உண்மையில் கார்லோஸ் அல்வாரெஸ் என்ற இருபது வயது இளைஞர் என்று 2009இல் வெளிவந்தது. கிளீவ்லாந்து அணியின் பிட்சராகப் பல ஆண்டுகள் ஆடிய ஃபாஸ்டோ கார்மோனா 2012 ஜனவரியில் சாண்டோ டொமிங்கோவில் கைதானார். அவரது உண்மைப் பெயர் ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ், வயது மூன்று கூடுதல். பெயர் பெற்றவரைக்கூடப் பழைய தாள் ஒன்று தேடிவந்து பிடித்தது.

நம் நாட்டுக் கிரிக்கெட்டிலும் இந்தக் கதை ஓடுகிறது. அதனால்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோரின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது. பிறப்புச் சான்றிதழைத் திருத்தியவர் பெரியவர். ஆட்டத்தை இழப்பது பிள்ளை. இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

நம்பிக்கை 7: பயிற்சிக்காரர் சும்மா உதவுகிறார், வாய்ச்சொல்லே போதும்.

உண்மை: டொமினிக்கன் குடியரசில் 12, 13 வயதிலேயே பையன்களை வைத்துச் சோறுபோட்டுப் பயிற்சி தரும் தனியார் பயிற்சியாளர்களை 'புஸ்கோன்' என்பார்கள். தேடுபவர் என்று பொருள். அவர்கள் இல்லாவிட்டால் பல ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டையும் கிடைக்காது, வயிறார உணவும் கிடைக்காது. ஆனால் ஒப்பந்தப் பணத்தில் நூற்றுக்கு முப்பதும் அதற்கு மேலும் அவர்கள் பங்காகப் போவது அங்கே சாதாரணம். பதினாறு ஆவதற்கு ஆண்டுகள் முன்பே அணிகளோடு வாய்மொழியாகத் தொகை பேசிவைக்கிறார்கள். அது எந்த வழக்கு மன்றத்திலும் நிற்காது. அணி மனம் மாறினால், பள்ளியை விட்டுவந்த பையன் நடுத்தெருவில்.

விதியை அணி மீறினாலும் அலைவது பையன்தான். வெளிநாட்டு ஒப்பந்தங்களில் வரம்பை ஏய்த்ததற்காக 2017 நவம்பரில் அட்லாண்டா பிரேவ்ஸ் தண்டிக்கப்பட்டது. அணியின் பொது மேலாளராக இருந்தவருக்குத் தடை. அதோடு பத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களின் ஒப்பந்தம் ரத்தாகி, அவர்கள் மறுபடி அணி தேட வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் நடுவில் நல்லதும் நடந்திருக்கிறது. முப்பது மேஜர் லீக் அணிகளுக்கும் டொமினிக்கன் குடியரசில் தங்கிப் பயிலும் முகாம்கள் உண்டு. பலவற்றில் பள்ளிப் படிப்பை முடிக்க வகுப்புகளும் நடக்கின்றன. ஒப்பந்தமான பிள்ளைகளில் மிகச் சிலரே மேஜர் லீக்கைத் தொடுகிறார்கள் என்பதை அந்த அணிகளே அறிந்திருப்பதால் வந்த ஏற்பாடு அது.

இனி அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியது.

நம் பக்கத்து நகரத்தார் வீட்டுப் பையன்கள் ஒருகாலத்தில் மீசை முளைக்கும் முன்பே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாக உயர்வார்கள். தூரத்துக்கு அனுப்பப் பயப்படாத ஊர் இது. ஆனால் எழுத்தில்லாமல் அனுப்பிய ஊர் அல்ல. எத்தனை ஆண்டுத் தவணை, என்ன சம்பளம் என்பதெல்லாம் சீட்டில் ஏறிய பிறகுதான் பயணம். ஐந்தொகை போட்டுப் பார்க்கத் தெரிந்த அந்த நிதானம் இப்போது நமக்கு வேண்டும்.

அம்மா, உங்கள் பிள்ளை எறியட்டும். நன்றாக எறியட்டும். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் பேஸ்பால் இருக்கிறது. படித்துக்கொண்டே ஆட வழி உண்டு. மேஜர் லீக் நிர்வாகமே 2019இல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. அந்தப் பயிற்சிக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த அணியின் சார்பில் பேசுகிறீர்கள்? அதற்கான தாள் எங்கே? உங்கள் பங்கு எவ்வளவு? தோளில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? நான்குக்கும் எழுத்தில் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். வராவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். ரிங்குவையும் தினேஷையும் உருவாக்கியது ஒரு கல்லூரியின் மைதானம். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர்களின் கதை என்று அதை யாராவது சொன்னால், அவர் கதையைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.