பார்த்துக்கொள்ளச் சொன்னவர் பார்க்காமல் விட்டால்

துபாயிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்துகொண்டு, சென்னை ஃபிளாட்டை மேனேஜர் கையில் ஒப்படைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். மாதாமாதம் வாடகையில் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் தலைகாட்டாத மேனேஜரிடம் நஷ்டஈடு வாங்க முடியும். போனில் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

1. வீட்டில் குழாய் ஒழுகினால் முதலில் அதை நிறுத்துங்கள். ஆதாரம் வேண்டுமென்று தண்ணீரை ஓடவிட்டால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான். நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73-ம் பிரிவு. போட்டோ, வீடியோ எடுங்கள். ‘நாளை வேலை ஆரம்பிக்கிறது, வந்து பார்ப்பதானால் பாருங்கள்’ என்று மேனேஜருக்கு மெயில் போடுங்கள். பிறகு பிளம்பரைக் கூப்பிடுங்கள். கழற்றிய பழைய குழாயைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

2. குடித்தனக்காரரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முதல் சாட்சி அவர்தான். மேனேஜருக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் அவர் போனில்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ம் பிரிவுப்படி, அந்தப் பதிவைக் காட்ட ஒரு சான்றிதழ் தேவை. போன் அவருடையது என்பதால் அவர் கையெழுத்தும் வேண்டியிருக்கும். கோபத்தில் அட்வான்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டால் யார் போடுவார்கள் கையெழுத்து?

3. கணக்குப் போடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். ஏஜென்ட், அதாவது உங்கள் மேனேஜர், தன் அலட்சியத்தின் நேரடி விளைவுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 212-ம் பிரிவு. சுற்றி வளைத்து வந்த நஷ்டத்துக்குக் கிடையாது. ஓர் உதாரணம். வேளச்சேரியில் இரண்டாம் மாடி. ஜூனில் பாத்ரூம் குழாய் கசிகிறது என்று குடித்தனக்காரர் போட்டோ அனுப்புகிறார். மேனேஜரின் பதில் ஒரு கட்டைவிரல் படம், அவ்வளவுதான். அக்டோபரில் கீழ்வீட்டு ஃபால்ஸ் சீலிங் பெயர்ந்து விழுகிறது. உங்கள் வார்ட்ரோப் பலகை ஊறி உப்பிவிட்டது. குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார். மொத்தச் செலவு ரூ.1,40,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூனிலேயே பார்த்திருந்தாலும் குழாய் மாற்றும் ரூ.6,000 உங்கள் செலவுதான், அதைக் கழியுங்கள். பத்து வருடப் பழைய வார்ட்ரோபுக்குப் புதுசின் விலை கேட்காதீர்கள். ரிப்பேர் நடந்த நாட்களுக்கு வாடகை கேட்கலாம். அதற்குப் பிறகு நீங்கள் வாடகையை ஏற்றிச் சொல்லி வீடு பூட்டிக் கிடந்தால் அது மேனேஜர் பொறுப்பல்ல. ‘ஃபிளாட் விலையே இறங்கிவிட்டது’ என்ற பேச்சு எடுபடாது. கழிக்க வேண்டியதை நீங்களே கழித்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் குறுக்குக் கேள்வி பாதியாகக் குறையும்.

4. வரவு செலவுக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும், அதே சட்டத்தின் 213-ம் பிரிவு. ஒழுகலைக் கவனிக்காதவர் ‘பிளம்பர் செலவு’ என்று எழுதிப் பணம் எடுத்திருப்பது நடக்காத விஷயமல்ல.

5. மேனேஜரை நீக்குவதானால் குடித்தனக்காரருக்கும் அன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நீக்கியது தெரியாமல் பழையவரிடம் அவர் கட்டிய வாடகையை மறுபடி கேட்க முடியாது. பவர் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருந்தால், ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

6. வக்கீல் நோட்டீஸில் வசவு வேண்டாம். தேதி, தொகை, கெடு போதும்.

7. எங்கே போவது? ஒரு வீடு, ஒரு மேனேஜர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்கள் மேனேஜருக்குக் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. நீங்கள் கேட்கும் தொகையை வைத்து இதை முடிவு செய்வதில்லை. பெங்களூரில் குடியிருந்தால் அங்கேயே மனுப் போடலாம், 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. ‘வாடகைக்கு விடுவது வியாபாரம், இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதாடும், பதிலோடு போங்கள். ஏழெட்டு ஃபிளாட் வைத்து வாடகையில் பிழைப்பவருக்கு அந்த வாதம் ஆபத்து, அவர் சிவில் கோர்ட்டுக்குப் போவதே மேல். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் என்று எழுதியிருப்பதால் மட்டும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சிவில் கோர்ட்டில் அந்த ஷரத்து குறுக்கே நிற்கும்.

8. கெடுவை விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டு. சிவில் கோர்ட்டுக்கு, அலட்சியம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு. மேனேஜர் ‘அடுத்த மாதம் பார்க்கலாம் சார்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும் இந்தக் கெடு நிற்பதில்லை. முதல் புகார் எந்தத் தேதியில் போனது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.