சமிக்கியில் இருப்பது வெடிப்பா?

கேள்வி: எங்கள் அப்பப்பா வடமோடிக் கூத்தில் ராசா வேடம் கட்டியவர். 2006இல் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா கையோடு கொண்டுவந்த சாமான்களில் அவருடைய வெல்வெட் மார்புப்பட்டியும் ஒன்று. அதிலிருந்த உலோகச் சமிக்கிகள் நிறைய உதிர்ந்துபோய்விட்டன. மிச்சம் இருப்பவற்றிலும் நடுத்துளையிலிருந்து விளிம்புவரை கீறல். எல்லாம் வெடித்துவிட்டனவா? புளி போட்டு விளக்கலாமா? கடையில் பிளாஸ்டிக்தான் கிடைக்கிறது. கையால் செய்ய முடியுமா?
வாசகி, கிளிவெட்டி

பதில்: புளியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். உலோகம் மினுங்கும், ஆனால் புளிப்பு நூலில் ஊறி அதை இற்றுப்போகச் செய்யும்.

கீறல், அந்தச் சமிக்கி செய்யப்படும்போதே வந்தது. கம்பியை ஊசியில் சுருளாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றாக வெட்டி, அந்த வளையத்தைச் சுத்தியலால் தட்டையாக்கியிருக்கிறார்கள். வெட்டுவாய்தான் நீங்கள் காணும் கீறல். தகட்டில் குத்தியெடுத்த சமிக்கியில் அது இருக்காது. உங்கள் கொட்டியாரக் கரையில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டாரே ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், அவர் பிறக்குமுன்பே இங்கிலாந்துப் பூவேலைக்காரரிடமும் இந்த முறை இருந்தது. அங்கே பெரும்பாலும் வெள்ளி, அல்லது பொன்முலாம் பூசிய வெள்ளி.

உங்களுடையது எந்த உலோகம்? ஓரத்திலோ நூலிலோ பச்சைக் களிம்பு இருந்தால் செம்பு அல்லது பித்தளை. கறுத்திருந்தால் வெள்ளியாக இருக்கலாம். தெரிந்த தட்டாரிடம் உதிர்ந்த ஒன்றைக் காட்டுங்கள், பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

செய்வதற்கு 0.5 மில்லிமீட்டர் கம்பி போதும். பித்தளை இறுகிய உலோகம். மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால்தான் இளகும், இல்லாவிட்டால் அடிக்கும்போது ஓரம் பிளக்கும். 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள உருக்கு ஊசியில் இடைவெளி விடாமல் சுற்றி, கழற்றி, வெட்டுக்குறடால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வளையத்தின் இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் முட்டவேண்டும். இதில்தான் பொறுமை வேண்டும். வாய் ஏறியிறங்கி நின்றால் அடித்தபின் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நூலை அறுக்கும். பிறகு அடைகல்லில் படுக்கவைத்து நேர்குத்தாக ஒரே அடி. சாய்ந்த அடி விழுந்தால் நீள்வட்டமாகிவிடும். சுத்தியல் முகம் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கவேண்டும், அதிலுள்ள சிறு கீறலும் சமிக்கியில் பதியும். சரியாக அடித்தால் சுமார் 3 மில்லிமீட்டர் அகல வட்டம் கிடைக்கும். துளை சுருங்கிவிடும் என்பதால் மெல்லிய ஊசி தேவை. துண்டுகள் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஐம்பதைப் பழக்கத்துக்கென்றே ஒதுக்குங்கள்.

தைக்கும்போது நூலுக்குத் தேன்மெழுகு பூசி, கீறலுக்கு நேர் எதிர்ப்பக்கமாக ஓட்டுங்கள். கீறல் பக்கம் ஓட்டினால் நூல் அதன்வழியே நழுவிவிடும். உங்களுடையவை உதிர்ந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். பழையவை ஒரே தையலில் தொங்கினால் நீங்களும் அப்படியே விடுங்கள். களரியில் அப்பப்பா சுழன்று ஆடும்போது அவை அசைந்து விளக்கொளியை வாங்கவேண்டும் என்றுதான் அப்படித் தைத்திருப்பார்கள்.

ஊசி எடுக்குமுன் பட்டியை வெளிச்சத்தில் வைத்து முழுதாகப் படம் எடுங்கள். பழைய ஊசித்துளை தெரியும் இடங்களில் மட்டும் புதியதை வையுங்கள். உதிர்ந்த பழையவற்றை ஒரு கடதாசி உறையில் போட்டு, பட்டியின் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தவை என்று மேலே எழுதி, அதனுடனேயே வைத்துவிடுங்கள்.