இரட்டை உதயம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரமாகிய பேர்த், இந்துமாகடலின் தென்கிழக்குக் கரையில் உள்ளது. அக்கடலின் வடபால், இலங்கைத் தீவின் தென்கோடியில், காலி நகருக்கு அணித்தாகக் கொக்கலை என்னும் ஏரி அமைந்துள்ளது. இவ்விரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் இப்பெருங்கடலைக் கடந்து ஈராண்டுக் காலம் பணி புரிந்த ஐந்து விமானங்களின் வரலாறு, துணிவு எதனால் பயன் பெறுகிறது என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து செல்லும் விமானங்கள் சிங்கப்பூர், இந்தியா முதலிய நாடுகளில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு செல்வது வழக்கம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சுமத்ராவும் ஜாவாவும் அடுத்து வீழ்ந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி அற்றால் சங்கிலியே பயனற்றுப் போவதுபோல, அவ்வான்வழி முழுவதும் தடைப்பட்டது. இரு நாடுகளுக்கிடையே அரசாங்கக் கடிதங்களும் அலுவலர்களும் விரைந்து சென்றாக வேண்டிய காலம் அது. எஞ்சியிருந்த நேர்வழி ஒன்றே. அஃது இந்துமாகடலை ஒரே மூச்சில் தாண்டுவதாகும்.

அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது கட்டலினா என்னும் நீர்விமானம். அது நிலத்தில் ஓடாமல், படகைப் போல நீரில் மிதந்து எழும்பும், நீரிலேயே இறங்கும். பேர்த் நகரின் சுவான் ஆறும் கொக்கலை ஏரியும் அதன் நிலையங்களாயின. இரண்டே என்ஜின்கள் கொண்ட அவ்விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டரே. குவாண்டாஸ் நிறுவனத்தார் 1943ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இப்பணியைத் தொடங்கினர்.

இப்பயணத்தில் முதற்பகை எடையே. ஏறத்தாழ 9,000 லிட்டர் எரிபொருளைச் சுமந்தாலன்றி விமானம் அக்கரை சேராது. புறப்படும்பொழுது அதன் மொத்த எடை 16 டன்; அதில் ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருளின் எடையாகவே இருந்தது. ஆகவே, இன்றியமையாதன அல்லாத பொருள்களெல்லாம் நீக்கப்பட்டன. பயணிகள் மூவர்க்கு மேல் ஏற இடமில்லை. தபாலும் 69 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. பயணத்தின் முதற்பகுதியில் ஓர் என்ஜின் நின்றுவிட்டால், எஞ்சிய ஒன்றால் அச்சுமையைத் தாங்க இயலாது. எரிபொருள் செலவாகி எடை குறையும் வரையில், விமானிகள் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணிக்கொண்டே சென்றனர்.

இரண்டாம் பகை போர்ப் பகைவர். சுமத்ராவிலிருந்த ஜப்பானிய விமானங்கள் இவ்வழியை எட்டக்கூடியவை. கட்டலினாவிலோ படைக்கலம் ஏதும் இல்லை. ஆதலால், பகைவர் உலவும் பகுதியை இருளிலேயே கடக்குமாறு புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. வானொலியில் செய்தி கேட்கலாம். ஆனால் தாம் பேசலாகாது. பேசினால் விமானம் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும்.

அவ்வாறாயின் வழியறிவது எப்படி? பண்டைக் கடலோடிகளுக்கு வழிகாட்டிய விண்மீன்களே இவர்களுக்கும் வழிகாட்டின. வழிகாட்டும் அலுவலர் கோணமானியால் விண்மீன்களின் உயரத்தை அளந்து, கடிகாரத்தை நோக்கி, அட்டவணையோடு ஒப்பிட்டு, விமானம் நிற்கும் இடத்தைப் படத்தில் குறிப்பார். எதிர்க்காற்று மிகுந்தால் எரிபொருள் எவ்வளவு மிஞ்சும், இனித் திரும்பிச் செல்ல இயலுமா, முன்னேறுவதே வழியா என்பவற்றையும் கணக்கிடுவார். ஐந்து விமானங்களும் விண்மீன்களின் பெயர்களையே தாங்கியிருந்தன. அவற்றுள் ஸ்பைகா என்பது தமிழர் சித்திரை என வழங்கும் மீன்; அன்டாரிஸ் என்பது கேட்டை; ஆல்டெயர் என்பது திருவோணம்; ஏனையவை வேகாவும் ரைகலும் ஆகும்.

காற்றின் போக்கிற்கேற்பப் பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீண்டது. ஒரு முறை 32 மணி 9 நிமிடம் விமானம் வானிலேயே இருந்தது. என்ஜின்களின் ஓயாத இரைச்சலும், இரவின் குளிரும், கை கால் நீட்ட இயலாத நெருக்கமும் பயணிகளை வருத்தின. எனினும், அவர்களுக்கு ஓர் அரிய காட்சி கிட்டியது. ஒரே பயணத்தில், கடலின்மீது கதிரவன் எழுவதை அவர்கள் இருமுறை கண்டனர். அதனால், ‘இரட்டை உதயத்தின் இரகசியக் குழு’வைச் சேர்ந்தவர் எனச் சான்றிதழ் ஒன்று அவர்களுக்கு வழங்கப்பட்டது.

1945ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கட்டலினாக்களின் பணி நிறைவுற்றது. அதற்குள் அவை 271 முறை கடலைக் கடந்திருந்தன. ஒரு விமானமும் அழியவில்லை. ஓர் உயிரும் மாளவில்லை. இதனை நற்பேறு என்று மட்டும் கூறிவிட முடியாது. புறப்படுமுன் ஒவ்வொரு திருகையும் சோதித்த தொழிலாளரும், ஒவ்வொரு கிலோகிராமையும் நிறுத்துக் கணக்கிட்ட அலுவலரும், உறக்கமின்றி விண்மீனை அளந்தவரும் ஒருங்கே பெற்ற வெற்றி அது.

2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அதே பேர்த் நகரிலிருந்து லண்டன் வரை, ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் தொலைவை, எங்கும் இறங்காமல் பதினேழு மணி நேரத்தில் கடக்கும் விமானப் பணி தொடங்கியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் அவ்விமானத்தில் உண்டு, உறங்கிச் செல்லலாம். ஆயினும், எடையையும் எரிபொருளையும் காற்றையும் கணக்கிடாமல் அவ்விமானமும் எழுவதில்லை. கருவிகள் மாறின, கணக்கு மாறவில்லை. துணிவு மனிதனைப் புறப்படச் செய்யும். அவனைக் கரை சேர்ப்பது கருத்தூன்றிய உழைப்பே ஆகும்.