உன் வட்டத்தை எங்கே போடுவாய்?

ஜெயநகர், பெங்களூரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். நேற்று போனில் அரை மணி நேரம் உன் கவுன்சலிங் சூப்பர்வைசரைத் திட்டித் தீர்த்தாய். "கேஸைச் சொல்லி என்ன செய்யணும்னு கேட்டா, பதில் சொல்லாம என்னையே கேள்வி கேக்கறாங்க." நான் சிரித்தது உனக்குக் கோபம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மேற்பார்வை என்ற சொல்லிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. கட்டட வேலையில் மேஸ்திரி நிற்பதுபோல ஒருவர் மேலே நின்று பார்ப்பார், தப்பைச் சொல்வார் என்று நினைத்துவிடுகிறோம். உன் சூப்பர்வைசரின் சிஸ்டமிக் முறையில் அப்படி மேலே நிற்க இடம் கிடையாது. சிக்கலை ஒரு மனிதருக்குள் மட்டும் தேடாமல், அவரைச் சுற்றியுள்ள உறவுகளில் தேடும் முறை அது. அப்படித் தேடப் போனால் கிளையன்டின் வீட்டோடு நிற்காது. அவருக்கும் உனக்கும் ஒரு உறவு, உனக்கும் சூப்பர்வைசருக்கும் ஒரு உறவு, சம்பளம் தரும் நிறுவனம் வேறு. எல்லாமே கணக்கில் வரும்.

எனக்கு இது புரிந்தது அடி வாங்கித்தான். (அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.) இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் காலேஜ் போவதை நிறுத்திவிட்டான். அம்மா தினமும் காலை ஏழு மணிக்கு அவன் கதவைத் தட்டுவார். அப்பா பேப்பருக்குப் பின்னால். நான் அவனுக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு வாரமும் "செஞ்சியா?" என்று கேட்டேன். அவன் தலையாட்டினான். ஆறு செஷன் இப்படியே ஓடியது. சூப்பர்விஷனில் போய் உட்கார்ந்தால் என் சூப்பர்வைசர், "போன தடவை சொன்னதை முயற்சி பண்ணியா? அந்தக் கட்டுரையைப் படிச்சியா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப இந்த ரூம்ல யாரு அம்மா, யாரு பையன்?" என்றார்.

அந்த வீட்டின் காலை ஏழு மணி என் அறைக்கு வந்து, அங்கிருந்து அவர் அறைக்கும் வந்திருந்தது. ஹரால்ட் சேர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். படித்தும் இருந்தேன். என் தலை ஆடும்போதுதான் உறைத்தது.

அடுத்த செஷனுக்கு மூவரையும் வரச்சொன்னேன். "நீ நாளையிலிருந்து காலேஜ் போயிட்டா, அம்மாவும் அப்பாவும் காலையில எதைப் பத்திப் பேசிக்குவாங்க?" பையன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "பேசிக்க மாட்டாங்க" என்றான். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், ரொம்ப நேரம்.

ஒருவரிடம் மற்ற இருவரின் உறவைக் கேட்கும் இந்தச் சுற்றுக் கேள்வியை வளர்த்தெடுத்தவர்கள் மிலான் நகரத்து நால்வர்: செல்வினி பலட்சோலி, பாஸ்கோலோ, செக்கின், பிராட்டா. 1980-இல் வந்த அவர்களுடைய கட்டுரையைத் தேடிப் படி. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குழு உட்கார்ந்து தெரபிஸ்டுக்குக் குறிப்புச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். 1985 மார்ச்சில் நார்வேயின் துரோம்சோ ஊரில் டாம் ஆண்டர்சன் அதைத் திருப்பிப் போட்டார். குழுவினர் தங்களுக்குள் பேசுவதைக் குடும்பம் உட்கார்ந்து கேட்டது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த கதை இதுதான்.

வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிடாதே. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையத்தில் உறவினர் கூடவே தங்குவது வழக்கம். உன் பஸ் தினமும் தாண்டிப் போகிற ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நம் ஊர்க் கிளையன்டுகளும் சிஸ்டம் பேசுகிறவர்கள்தான். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று யாராவது அழுதால், அதை 'ஆங்ஸைட்டி' என்று ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டு நகராதே. அந்த நாலு பேர் யார் யார், பேர் சொல்லுங்கள் என்று கேள். பெரும்பாலும் இரண்டைத் தாண்டாது. அதில் ஒருவர் செத்துப் போயிருப்பார்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இந்த முறையோடு சண்டை. எல்லாமே சுழற்சி, யாரும் காரணமில்லை என்று பேசிப் பேசி, அடிப்பவனையும் அடி வாங்குகிறவளையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார்கள். பெண்ணியத் தெரபிஸ்டுகள் இதை எப்போதோ கேட்டுவிட்டார்கள். வீட்டில் வன்முறை என்றால் முதலில் அவள் பாதுகாப்பு. வட்டம் வரைவது அப்புறம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி நீ புகார் தெரிவித்தே ஆகவேண்டும். அங்கே நடுநிலைக்கு வேலையில்லை. உன் சூப்பர்வைசர் அப்போதும் கேள்வியே கேட்டுக்கொண்டிருந்தால் என்னைக் கூப்பிடு, நானே வந்து திட்டுகிறேன்.

மற்றபடி, அடுத்த முறை "என்ன செய்யணும்?" என்று போகாதே. "இந்தக் கிளையன்டோட இருக்கும்போது நான் யாரா மாறிடறேன்?" என்று கேட்டுப் பார். கிளையன்ட் சம்மதித்தால் பத்து நிமிட ஆடியோ எடுத்துக்கொண்டு போ. நாம் சொன்னதாக நினைப்பது ஒன்று, ஆடியோவில் இருப்பது வேறொன்று. அவரிடம் 'எஸ் மேடம்' சொல்லத் தோன்றும்போது அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடு. அதுவும் கேஸில் சேர்த்திதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. வரும்போது ஒரு சார்ட்டில் நம் குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஜெனோகிராமாக, அதாவது உறவுப் படமாக, போட்டுக் கொண்டுவா. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நெருக்கத்துக்கு இரட்டைக் கோடு, சண்டைக்கு ஜிக்ஜாக் கோடு. எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் எந்தக் கோட்டைப் போடுகிறாய் என்று பார்க்கவேண்டும். எதற்கும் அதை மட்டும் பென்சிலில் போடு.

அன்புடன்,
சித்தி