செயற்கை உறுப்புகளும் வாழ்நாள் செலவும்

காலை இழந்த ஒருவருக்குச் செயற்கைக் கால் பொருத்தப்பட்டதும் மறுவாழ்வுப் பணி நிறைவுற்றதாகக் கருதப்படுவது வழக்கம். உண்மையில் செலவுக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. செயற்கைக் கால் ஒரு முறை வாங்கி என்றும் பயன்படுத்தும் பொருளன்று. தேய்ந்து, பழுதடைந்து, குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டிய கருவியாகும்.

நம் நாட்டில் இத்துறைக்கு வலுவான அடித்தளம் உண்டு. 1960களின் இறுதியில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலுடன் நடக்கவும் தரையில் அமரவும் ஏற்றதாக அமைந்தது. 1972இல் மத்திய அரசு கான்பூரில் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகத்தை நிறுவியது. உதவிக் கருவிகள் வழங்கும் 'அடிப்' திட்டம் 1981இல் தொடங்கப்பட்டது. முதல் கருவி கிடைக்க இம்முயற்சிகள் வழிவகுத்தன. அடுத்தடுத்த கருவிகளுக்கான ஏற்பாடும் அதே அளவு இன்றியமையாதது.

மாற்றம் ஏன் தேவை?

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில மாதங்களில் வீக்கம் தணிந்து, எஞ்சிய காற்பகுதி சுருங்குகிறது. அதன் அளவுக்கேற்பச் செய்யப்பட்ட உறை தளர்ந்து, தோலை உராய்ந்து புண்ணாக்குகிறது. குழந்தைகளுக்கோ எலும்பு வளர வளரக் கால் குட்டையாகிவிடுகிறது. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டோர் அணியும் காலிப்பரிலும் தோல்பட்டைகளும் முழங்கால் பூட்டும் தேய்கின்றன.

கணக்கிடும் முறை

எட்டு வயதில் காலை இழந்த குழந்தைக்கு 17 வயது வரை ஆண்டுக்கு ஒன்று எனக் கொண்டால் 10 கால்கள் தேவை. பின்னர் 18 வயதிலிருந்து 63 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒன்று எனில் 9 தேவை. ஆக மொத்தம் 19. 38 வயதில் காலை இழந்தவருக்கு இதே அளவில் 5 போதும். எனவே முதல் காலின் விலை ஒன்றாயினும், வாழ்நாள் செலவு ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபடுகிறது.

'அடிப்' திட்ட நெறிமுறைகள் மூன்றாண்டுக்கு ஒரு முறை உதவி என்றும், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்றும் வகுத்தன. வளர்ச்சியைக் கருதிய சிறந்த ஏற்பாடு இது. ஆயினும் 12 வயதுடன் எலும்பு வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. அடுத்து வரும் வளர்பருவ ஆண்டுகளின் செலவுக்குக் குடும்பமும் உள்ளாட்சியும் தனியே வழிகாண வேண்டும்.

நீதிமன்றங்களும் இவ்வழியில் சிந்தித்துள்ளன. சாலை விபத்தில் காலை இழந்த 37 வயதினர் ஒருவரின் வழக்கில், 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர் 70 வயது வரை வாழக்கூடும் எனக் கொண்டது. மூன்று செயற்கைக் கால்களுக்கு ரூ.7,80,000மும், பராமரிப்புக்குத் தனியே ரூ.5,00,000மும் வழங்க ஆணையிட்டது. பராமரிப்புத் தொகை இரண்டு கால்களின் விலையை நெருங்குவது கருதத்தக்கது.

திட்டத்தில் இடம்பெற வேண்டியவை

கருவியின் விலை, மாற்றும் இடைவெளி, பழுதுபார்ப்பு, நடைப்பயிற்சி, பொருத்தும் நிலையத்துக்குச் செல்லும் பயணம், அந்நாட்களில் இழக்கும் கூலி, ஆண்டுதோறும் உயரும் விலைவாசி ஆகிய ஏழும் கணக்கில் சேர வேண்டும். மாவட்ட அளவில் பயனாளி ஒவ்வொருவருக்கும் அடுத்த மாற்றத்துக்குரிய ஆண்டைக் குறிக்கும் பதிவேடு இருந்தால், தேவையை முன்கூட்டியே அறிந்து நிதி ஒதுக்கலாம். வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் நடந்துகொண்டிருப்போரின் எண்ணிக்கையே திட்டத்தின் வெற்றிக்கு உரிய அளவுகோலாகும்.