மதர்போர்டு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

பெட்ரோலுக்கும் மதுவுக்கும் எல்லை தாண்டிக் காரைக்காலுக்கு வருகிறவர்கள் உண்டு. மதர்போர்டு வாங்க யாரும் வருவதில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் இங்கே வாங்கினாலும், நாகப்பட்டினத்தில் வாங்கினாலும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் வரி அதே 18 சதவீதம்தான். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் போர்டில்தான் பிடிக்க வேண்டும்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவரோ, திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் படித்தபடி வெளிவேலை எடுக்கிறவரோ, ஓவர்க்ளாக் செய்யும் எண்ணமிருந்தால் முதலில் ப்ராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின் ‘கே’ இருக்க வேண்டும். போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும். பி760 போர்டில் ரேமை வேகப்படுத்தலாம், ப்ராசஸரை முடியாது. ஏ.எம்.டி. இதில் தாராளம். ரைசன் 7600-க்கு பி650 போதும், ஏ620 ஆகாது. எக்ஸ்670-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் யு.எஸ்.பி., எம்.2 இணைப்புகளுக்கே போகிறது. 7800எக்ஸ்3டி வாங்குகிறவர் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம். அதன் மல்டிப்ளையர் பூட்டப்பட்டது.

காசு போக வேண்டிய இடம் வி.ஆர்.எம். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ப்ராசஸருக்கேற்ற ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கித் தருவது இதுதான். 1.2 வோல்ட்டில் 150 வாட் என்றால் 125 ஆம்பியர் பாய வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்காத போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். ஓவர்க்ளாக் செய்ததற்குப் பலனே இராது. பெட்டியில் ‘16 ஃபேஸ்’ என்று அச்சடித்திருந்தால் மட்டும் மயங்காதீர்கள். ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும், மேலே இருப்பது கனமான உலோக ஹீட்சிங்க்கா வெறும் பிளாஸ்டிக் மூடியா என்று விசாரியுங்கள்.

வண்ண விளக்கு, 10 கிகாபிட் லேன், இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட் எதுவும் வேகம் தராது. லேன் கேபிள் இழுத்திருப்பவருக்கு வைஃபையும் வேண்டாம். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டனுக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். புது ப்ராசஸரைப் பழைய பயாஸ் ஏற்காதபோது கடைக்கு அலைய வேண்டியிருக்காது.

மிச்சப் பணத்தில் நல்ல கூலரும் கேபினட் ஃபேனும் வாங்குங்கள். காற்றில் இயங்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது, நம் கடலோர மே மாதமோ தெரிந்ததே. அதனால் ரைசன் வைத்திருப்பவர்கள் வோல்டேஜை ஏற்றுவதைவிட, கர்வ் ஆப்டிமைசரில் குறைத்துப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி. சூடு குறையும், பல சமயம் வேகமும் கூடும்.

ஓவர்க்ளாக்கால் வந்த சேதத்தை இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் வாரன்ட்டியும் ஏற்காது. முகூர்த்த நேரத்தில் கை வைக்காதீர்கள். ஆர்டர் இல்லாத ஆடியில், மத்தியான வெயிலில், ஏ.சி. போடாமல் ஒரு நீளமான ரெண்டரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் நின்றால் ஒரு படி இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.