மூன்று அங்குல ஸ்பீக்கருக்கு என்ன பெட்டி?

கேள்வி: பழைய டேப் ரெக்கார்டரில் கழற்றிய 3 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு இருக்கின்றன. தனியாகப் பாடவிட்டால் தகரச் சத்தம் கேட்கிறது. செலவில்லாமல் பெட்டி செய்ய வழி உண்டா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: ஸ்பீக்கர் கெட்டுப்போகவில்லை. கூம்பின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிர் திசையில் அசைபவை. நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அடித்துவிடும்.

முதலில் காயலான் கடையில் செத்துப்போன கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைத் தேடுங்கள். மரப்பெட்டியாக இருந்தால் யோகம். கிடைக்காவிட்டால் பிளம்பிங் கடைக்குப் போங்கள். 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் 20 சென்டிமீட்டர் துண்டு சுமார் ஒன்றரை லிட்டர் காற்றைப் பிடிக்கும். இந்த அளவு ஸ்பீக்கருக்கு அது போதும். இருபுறமும் மூடி. முன் மூடியில் வட்டம் வரைந்து, கோட்டின் உட்புறம் நெருக்கமாகத் துளை போட்டு, நடுப்பகுதியைப் பெயர்த்து அரத்தால் ராவுங்கள். உள்ளே கொஞ்சம் தலையணைப் பஞ்சு, இறுக்கித் திணிக்காமல். ஒயர் நுழையும் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கவும். பாட்டு ஓடும்போது இணைப்புகளில் விரல் வைத்துப் பாருங்கள். காற்று பட்டால் அங்கே கசிவு.

அட்டைப்பெட்டி வேண்டாம், அதுவும் சேர்ந்து பாடும். எப்படிச் செய்தாலும் 3 அங்குலத்தில் திருவிழா பாஸ் வராது.